சிவப்பு நூல் போட்ட பார்சல்

எதிர்வீட்டு மேசையில் ஒரு துணிப் பார்சல் உட்கார்ந்திருக்கிறது. என் ஜன்னல் நேரே அங்கேதான் திறக்கிறது. நான் என்ன செய்ய? ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிப் பார்க்கிறார். “இத்தன வருஷமா பேசாத மக அனுப்பிருக்கா. அப்பன் மேல இருந்த கோவம் தீந்துடுச்சு போல. தையலப் பாரு, அப்படியே உன் கை. கத்தரிக்கோல கொண்டா.” தையல்காரி மனைவி மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மழை மூட்டத்தில் அறை மங்கிக் கிடந்தாலும், பார்சல் ஓரத்துச் சிவப்புத் தையல் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போன மாதம் பேரனுக்குச் சட்டை தைத்து, அவருக்குத் தெரியாமல் மகளுக்கு அனுப்ப இந்தப் பார்சலை மூடும்போது, வெள்ளை நூல் தீர்ந்துபோய் என்னிடம்தான் சிவப்பு வாங்கினாள். நூலைத் திருப்பித் தரவில்லையே என்று நானும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இதோ, ஒரு தையல்கூடப் பிரியாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. “மேல ஏதோ முத்திரை குத்திருக்கான். என் கண்ணாடி எங்கடி?” “எங்க வெச்சீங்களோ. இருங்க, தேடுறேன்” என்கிறாள். தேடவில்லை. மடியில் கிடக்கும் துணிக்கு அடியில் ஒரு கையால் அவர் கண்ணாடியைச் செருகிப் பிடித்தபடி, மறு கையால் மெஷின் சக்கரத்தை வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கிறாள்.