வினாத்தாள் ஊர்

பன்னிரண்டு தாள்கள். பதினொன்றில் ஒரே வரி அடிக்கப்பட்டிருந்தது.

பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று டீச்சர் நினைத்தாள். பிள்ளைகளை எழுப்பி ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தாள். மூலை போதாமல் நாலு பேர் வராந்தாவுக்குப் போனார்கள். அதே பத்தியைத் திரும்பக் கொடுத்தாள்.

பொருந்தாத வாக்கியத்தை நீக்குக.

வானம் கறுத்தது. மழை கொட்டியது. கடைத்தெருவில் மிட்டாய்க் கடை திறந்தார்கள். குளம் நிரம்பியது. ஊரே மகிழ்ந்தது.

இரண்டாம் முறையும் பதினொரு பேர் மிட்டாய்க் கடையைத் தொடவில்லை. கடைசி வரியைத்தான் அடித்திருந்தார்கள்.

பன்னிரண்டாமவன் மட்டும் சரி. அவன் போன மாதம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவன். வயல்காட்டுப் பிள்ளை.

"ஊரே மகிழ்ந்தது. இதை ஏன் அடிச்சீங்க?"

டீச்சர் கோபமாகக் கேட்கிறாளா, சும்மா கேட்கிறாளா என்று பிள்ளைகள் அளந்துகொண்டிருந்தார்கள்.

கனிச்செல்விதான் எழுந்தாள்.

"மழ பேஞ்சா யாரு டீச்சர் சிரிப்பாவ?"

"தவள," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாத்தி பாத்தியாக உப்பளம். ஒரு மழை போதும், விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும். பத்து நாளைக்கு ஒரு வீட்டிலும் வேலை இருக்காது.

இரண்டு வருடமாக இந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

அவள் ஊரில் முதல் மழைக்குப் பாயசம் வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. டவுனில், விடுதியோடு இருக்கும் பள்ளிக்கு. ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளில் வட்டாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். பிளஸ் டூ வரைக்கும் சோறும் படிப்பும் அவர்கள் பொறுப்பு.

கனிச்செல்விக்குக் கிடைக்கும். கணக்கில் அவளை அசைக்க முடியாது. இந்த மாதிரிப் பத்தியில்தான் விழுவாள்.

விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆறாம் வகுப்புக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அக்கா வடிவு ஒரு மாதம் மாறிப் பார்த்தாள். பிறகு உப்பு வாரப் போய்விட்டாள்.

அன்றைக்குப் புதன்.

டீச்சர் கரும்பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

"இது வினாத்தாள் ஊர். கேள்வி எழுதுறவங்க எல்லாரும் இங்கதான் குடியிருக்காங்க. இந்த ஊர்ல மழை பெஞ்சா சந்தோஷம். அப்பா பேக் எடுத்துக்கிட்டு ஆபீஸ் போவாரு. லீவு விட்டா பிள்ளைங்க விளையாடும்."

"உப்பு?"

"கடையில பாக்கெட்ல இருக்கும்."

"அங்க உள்ளவங்களுக்கு உப்புல நின்னு கால்ல புண்ணு வராதா டீச்சர்?"

"வராது."

"அப்ப நா அங்கயே போயிருதேன்," என்றான் தவளை என்று சொன்னவன்.

"போ. அதுக்குத்தான் இவ்வளவும்."

வட்டத்துக்குள் சாக்பீஸால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நம்ம ஊர வெச்சு அடிக்காதீங்க. இந்த ஊர வெச்சு அடிங்க."

காலையில் மணி அடிக்குமுன் ஒரு பத்தி. மத்தியானம் சத்துணவு சாப்பிட்ட கையோடு ஒரு பத்தி. சாயங்காலம் இரண்டு. வாசி. பொருந்தாததை அடி. மறுபடி வாசி. ஒரு பிள்ளை அழுதது. தண்ணீர் குடிக்க வைத்து, அடுத்த தாளைக் கொடுத்தாள்.

வியாழன் ஆறு பேர் சரியாக அடித்தார்கள். வெள்ளி ஒன்பது பேர்.

அந்த ஒன்பதில் கனிச்செல்வி இல்லை. அவளுக்கு விடை தெரியும். பென்சிலைச் சரியான வரிமேல் கொண்டுபோய் நிறுத்துவாள். கை கீழே இறங்காது.

"இது பொய்தான டீச்சர்?"

"ஆமா. அடி."

சனிக்கிழமை கனிச்செல்வி பத்துக்குப் பத்து.

ஞாயிறு வடிவு வேலைக்குப் போகவில்லை. தங்கையை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டி வந்திருந்தாள். பள்ளிச் சுவரோரம் டீச்சரோடு நின்றாள். இரண்டு மணி நேரம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மணி அடித்தது. கனிச்செல்வி ஓடாமல், நடந்துதான் வந்தாள்.

"பத்தி சுலபம் டீச்சர். பாத்ததும் அடிச்சிட்டேன்."

"வேற?"

"கடைசியில வீட்டப் பத்தி அஞ்சு வரி எழுதச் சொன்னாவ."

"எழுதினியா?"

"எழுதி, நீங்க சொன்ன மாரி வாசிச்சுப் பாத்தேன். எங்கக்கா உப்பு வாரிட்டு வந்து எனக்குத் தல பின்னி விடுவான்னு ஒரு வரி. அந்த ஊர்ல அக்காமாரு காலேஜுக்குல்லா போவாவ. பொருந்தல. அடிச்சிட்டேன்."

டீச்சர் வடிவின் பக்கம் திரும்பவில்லை.

கனிச்செல்வி டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிதான டீச்சர்?"

சரிதான். மார்க் கிடைக்கும் என்று டீச்சருக்குத் தெரியும்.

"சரிதான்ட்டி," என்றாள் வடிவு. "பஸ் வந்துட்டு."

கூட்டத்தை முழங்கையால் விலக்கி, தங்கையை முதலில் ஏற்றினாள்.