எழுபத்தொன்பதில் நின்ற முள்

"இன்ஜினைப் பிரிச்சுப் போடுங்கண்ணே. அது செத்துக்கிட்டு இருக்கு!"

ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக டோகாஷி கத்தினான். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக்கூட உதறவில்லை. மெக்கானிக் ஹொன்மா கெரோசின் அடுப்பருகிலிருந்து மெதுவாக எழுந்து வந்தார்.

"உக்காருங்க தம்பி. டீ குடிக்கிறீங்களா?"

"டீ ஒண்ணுதான் குறைச்சல்! இந்த மாசம் மூணு தடவை லேட்டு. காலையில வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நின்னு உடற்பயிற்சி பண்ணி முடிக்கிறப்பதான் நான் போய் நிக்கிறேன். பனிச்சறுக்கு லிஃப்டுக்கு நான்தாண்ணே பொறுப்பு. இன்னொரு தடவை லேட்டா வந்தா டிக்கெட் கிழிக்க உக்கார வெச்சிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார்."

"பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பறது?"

"நான் ஏன் கிளம்பணும்? ஜீப் ஒழுங்கா ஓடினா போதாதா?"

அவன் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே நானமகாரி கணவாய். ஐம்பதுக்கு மேல் போகாதே என்று அங்கே பலகை இருக்கிறது. அதை மதிக்கத்தான் ஆள் இல்லை. முள் எண்பதைத் தொட்டால்தான் கம்பத்துக் காமிரா கண் சிமிட்டும் என்பது அந்தச் சாலையில் பறப்பவர்களின் கணக்கு. டோகாஷி ஒரு தடவை தொட்டுவிட்டு ஒரு மாதம் லைசென்ஸைப் பறிகொடுத்தவன். அதிலிருந்து அவன் முள் ஆணி அடித்தது போல் எழுபத்தொன்பதிலேயே நிற்கும்.

போன குளிர்காலத்தில் அதே எழுபத்தொன்பதில்தான் ஐந்தாவது வளைவில் ஜீப் பம்பரமாகச் சுற்றிப் பனிச்சுவரில் செருகியது. பக்கத்து சீட்டில் மனைவி சயோ. "ஒண்ணும் ஆகலையே, அப்புறம் என்ன?" என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லி அன்றிலிருந்து கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அவன் மசியவில்லை.

"இப்பவும் அதே எழுபத்தொம்பதுலதான் ஓட்டறேன். ஆனா போற வர்றவன் எல்லாம் என்னை முந்தறான்! இன்னிக்கு ஒரு முட்டைகோஸ் வண்டி முந்திச்சுண்ணே. பின்னாடி முதியவர் ஓட்டும் வண்டின்னு ஸ்டிக்கர். உள்ளே ஒரு பாட்டியம்மா. முந்தினது போதாதுன்னு, மன்னிச்சுக்கப்பாங்கிற மாதிரி எனக்குக் குனிஞ்சு ஒரு வணக்கம் வேற!"

ஹொன்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, ஜீப்பின் முன் சக்கரத்தருகே குந்தினார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"பனி டயர் மாத்தினதுலேர்ந்துதான். டிசம்பர்ல சயோ இங்க கொண்டு வந்தாளே."

குளிர்காலம் வந்தால் டயருக்கு உள்ளே இருக்கும் இரும்பு வீலை ஒரு அளவு சின்னதாக மாட்டிக்கொள்வது அந்த ஊரில் எல்லோரும் செய்கிற காரியம். சின்ன வீலுக்குப் பனி டயர் மலிவு. பதினாறு இன்ச்சைக் கழற்றிப் பதினைந்து மாட்டினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"அவ சிக்கனம்தான் ஊருக்கே தெரியுமே" என்று டோகாஷி பல்லைக் கடித்தான். "தையல் நாடாவைக் கொண்டு வந்து கடையில இருந்த டயரையெல்லாம் சுத்திச் சுத்தி அளந்தாளாம். நீங்கதானே சொன்னீங்க? இருக்கறதுலேயே ஒல்லியா ஒண்ணைப் பொறுக்கியிருக்கா. யானைக்குக் குழந்தை செருப்பு மாட்டின மாதிரி இருக்கு!"

ஹொன்மா பெருமூச்சு விட்டார். இனிமேல் மறைத்துப் பிரயோசனமில்லை.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு தம்பி. வழக்கமா வீல் சின்னதானா டயரைத் தடிமனா போடுவோம். சக்கரத்தோட உயரம் மாறாது. இதுல வீலும் சின்னது, டயரும் ஒல்லி. சக்கரமே சின்னதாயிடுச்சு. சின்னச் சக்கரம் அதிகமா சுத்தும். மீட்டர் அந்தச் சுத்தைத்தான் எண்ணும். முள் எழுபத்தொம்பது காட்டறப்போ வண்டி அறுபத்தெட்டுலதான் போகுது."

ஒரு மாதத்துக்கு மேலாகத் தான் பறந்ததாக நினைத்ததெல்லாம் வெறும் முள் என்பது டோகாஷிக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அப்போ அந்தப் பாட்டியம்மா..."

"எழுபத்தஞ்சுல போயிருப்பாங்க."

"நீங்களாவது சயோகிட்ட எடுத்துச் சொல்லியிருக்கலாமேண்ணே!"

ஹொன்மா ஸ்பேனரைத் தேடினார்.

கோபம் வடிந்து டோகாஷிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பருகே போய் உட்கார்ந்துகொண்டான்.

"சரி விடுங்க. அவளைச் சொல்லி என்ன பண்றது? வீல் எது, மீட்டர் எதுன்னு அவளுக்கு என்ன தெரியும், பாவம்! மிச்சம் பிடிக்கறேன்னு போய் என் மானத்தை வாங்கிட்டா. பழைய அளவையே மாட்டிடுங்க. அவகிட்ட பக்குவமா நான் சொல்லிக்கறேன்."

ஹொன்மா முதல் நட்டைத் தளர்த்தினார். மேஜைமேல் இருந்த போன் அடித்தது. கை முழுக்கக் கிரீஸ். யார் என்றும் பார்க்காமல் சுண்டு விரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அண்ணே, நான் சயோ பேசறேன். அந்த வளைவுக்கு அறுபத்தெட்டும் அதிகம்தாண்ணே. பிரேக்குல இடிக்காம இன்னும் ஒரு இன்ச் சின்னதா வீல் கிடைக்குமா?"