ரெனோவின் புது முத்திரை

பாருங்கள் கண்ணுகளா, வால்மோர் சீமையின் பிரபு தேவாலயத்தின் நடுவில் கிடத்தப்பட்டிருக்கிறார். நல்லாயிருந்த மனிதரை இரண்டே நாள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டதாம். சன்னல் வெளிச்சம் அவர் பாதத்தை மட்டும் தொடுகிறது. செத்தவர் பெயரில் யாரும் சாசனம் எழுதிவிடாதபடி, கொல்லன் அவருடைய வெண்கல முத்திரையைக் கல்லில் வைத்து உடைக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் பிரபுவின் மனைவி எர்மெங்கார்தின் தோள் அதிர்கிறது. பட்டத்துக்குரிய ஏழு வயது மகளின் கையை அவள் இறுகப் பிடித்திருக்கிறாள். துண்டுகள் சிதறி அடங்குவதற்குள், பிரபுவின் தம்பி ரெனோ இடுப்புப் பையிலிருந்து புது முத்திரையை எடுத்துச் சூடான மெழுகில் அழுத்துகிறான். குதிரை, வாள், சுற்றிலும் 'வால்மோர் பிரபு ரெனோ' என்ற எழுத்து; ஒரு கோடுகூடப் பிசகவில்லை. வீரர்கள் அவன் முன் மண்டியிடுகிறார்கள்.

"பொட்டப்புள்ள கையில சீமையக் குடுக்க முடியுமா அண்ணி? நான் பாத்துக்கிறேன்."

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. தூண் ஓரம் நிற்கும் முத்திரை செதுக்குபவனைப் பார்க்கிறாள்.

"ரொம்ப நேர்த்தியா இருக்கு, ஒடோ. செதுக்க எத்தன நாளாச்சு?"

ஒடோ பெருமையில் நிமிர்கிறான். "முழுசா இருபது நாள், தாயி! கண்ணே போச்சு!"

சொன்ன வாய் அப்படியே திறந்து நிற்கிறது. மெழுகு இன்னும் ஆறவில்லை. முன்வரிசையில் மண்டியிட்ட ஒருவர், முழங்கால் தூசியைக்கூடத் தட்டாமல், எழுந்து நிற்கிறார். அப்புறம் இன்னொருவர்.