கவர்னர் கறை

"கவர்னரைத் தொட்டிராதே, பாஸ்! தொட்டா உன்ட கையை முறிப்பன்!"

ஜவாஹிர் முதலாளி போட்ட சத்தத்தில் வீரய்யா பாஸின் இழைப்புளி பாதி வழியில் நின்றது. "தொடலைங்க முதலாளி, பக்கத்துலதான் போனேன்" என்றார் தச்சர், முழங்காலை இழுத்துக்கொண்டு.

கவர்னர் தரையில் கிடந்தார். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம், அவரைக்காய் வடிவில் ஒரு கறுத்த கறையாக.

தேயிலை விலை விழுந்த வருஷம், மடுல்கெல்லத் தோட்டத்து ஓல்டன் துரை பேராதனை வீதியிலிருந்த தம் பங்களாவை விற்க வந்தார். கூரை ஒழுகியது, கிணறு வற்றிப் போயிருந்தது. புடவைக் கடை முதலாளியான ஜவாஹிர் அதையெல்லாம் கவனிக்கவேயில்லை. ஹாலின் முதிரைப் பலகைத் தரையில் ஓர் இடத்தைக் காட்டி, "முந்தி ஒரு கவர்னர் விருந்துக்கு வந்து வைன் கிளாஸைக் கவுத்த இடம்" என்று துரை சொன்னாரோ இல்லையோ, முதலாளி அந்த நிமிஷமே தலையாட்டிவிட்டார்.

அன்று முதல் கண்டியில் அந்தக் கறையைப் பார்க்காதவர் குறைவு. "கவர்மெண்ட் முகாந்திரம் பட்டம் குடுக்கக்குள்ள, கவர்னர் கிளாஸ் கவுத்த வீட்டுக்காரனை விட்டுட்டுக் குடுக்க ஏலுமா?" என்று முதலாளி எல்லாரிடமும் கேட்பார். முனிசிபல் கிளார்க்கர் தனபாலன் மட்டும் மூக்கைச் சொறிந்துகொண்டு, "புளிக்குழம்பு கொட்டுனாலும் இப்படித்தாங்க இருக்கும்" என்று சொல்லி வைத்தார். அது ஊரெல்லாம் பரவிவிட்டது.

விடுவாரா முதலாளி? சீமைக்குக் கப்பலேறப்போகும் ஓல்டன் துரையையே சனிக்கிழமை தேத்தண்ணிக்கு அழைத்துவிட்டார். தனபாலன் முன்னால் துரை தம் வாயால் சாட்சி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த இழைப்பும் மெழுகும்.

இதில் ஒரேயொரு முட்டுக்கட்டை, ஹால் திரைக்குப் பின்னால் நின்றது.

"ஜெஸீமாட வாப்பா, சாராயம் நஜீஸ். அசுத்தத்தை நடு வீட்டில வெச்சிக்கொண்டு நான் எங்க தொழுற? வாற மாசம் மகள்ட நிக்காஹ்வுக்கு லெப்பை வந்தா எங்க காலை வெப்பார்?" என்றாள் முதலாளியின் மனைவி கைரியா.

"சுத்திப் போவார். கவர்னரைச் சுத்திப் போறதும் ஒரு மரியாதைதான்."

"அந்த வைன் ஈக்கிற வரைக்கும் இந்த ஹாலில நான் தொழ மாட்டன். சொல்லிட்டன்."

"தொழாதே. அறையில தொழு."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படும்போது முதலாளி கறையைச் சுற்றி நாலு கதிரைகளைத் தம் கையாலேயே போட்டுவிட்டுப் போனார். பள்ளியில் குத்பா நடந்துகொண்டிருந்தபோதும் அவர் மனம் அந்த நாலு கதிரைகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்தால் ஹால் தகதகவென்று மின்னியது. தேன்மெழுகு பூசிய பலகையின்மேல், பாதியாய் வெட்டிய தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வீரய்யா பாஸ் கூத்தாடுவதுபோல் முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு பெரிய கேத்தல் நிறையப் பாலில்லாத தேத்தண்ணிச் சாயம் வந்து, முக்கால்வாசி காலியாகியிருந்தது.

"ஒரு கேத்தல் சாயமாடா குடிச்சே?"

"மெழுகு நெடிங்க முதலாளி. தொண்டை வறண்டு போகுது. அம்மாதான் குடுத்துவிட்டாங்க."

கதிரைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. நடுவில் கவர்னர் முன்னைவிடக் கம்பீரமாகக் கறுத்திருந்தார்.

"மெழுகு பட்டா பழசெல்லாம் எழும்பி நிக்கும்ங்க" என்றார் வீரய்யா. முதலாளிக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

சனிக்கிழமை வந்தவர்கள் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டார்கள். துரை மட்டும் பூட்ஸோடு கிறீச் கிறீச்சென்று நடந்து வந்து கறையின் முன் நின்றார்.

"இதுதான்! அதே இடம், அதே கறை!" என்றார் துரை, தோட்டத்துத் தமிழில். அதோடு விட்டாரா? கைத்தடியை ஊன்றிக் குனிந்து, கண்ணை மூடி மோந்தும் பார்த்தார். "வாசம் இன்னும் போகலே. அசல் போர்த்துக்கல் சரக்கு! முதலாளி, நீ நல்லா வச்சிருக்கே."

எல்லாரும் தனபாலனைப் பார்த்தார்கள். அவரும் மெல்லக் குனிந்து மோந்தார். "ஆமாங்க, கப்புனு தூக்குது" என்றார்.

விருந்தினர் போன பிறகும் முதலாளியின் நெஞ்சு இறங்கவில்லை. முகாந்திரம் கோட்டுக்கு எத்தனை பொத்தான் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. கைரியா ஹாலுக்கு வந்தாள். கதிரைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். தொழுகைப் பாயைக் கொண்டுவந்து, கவர்னர் கறைக்கு நேர் மேலே விரித்தாள்.

முதலாளி பதறி ஓடி வந்தார். "யா அல்லாஹ்! வைனுக்கு மேலயா தொழப் போறே? துரையே மோந்து சொல்லிட்டாரே!"

கைரியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"வைனை பாஸ் நேத்தே இழைச்சி எடுத்துட்டார். துரை மோந்தது நம்மட கேத்தல் சாயம்."