பிடி

தூதர் மகரபூஷணத்துக்குக் காலையிலேயே நம் கரையிலிருந்து போன் வந்தது. அவர் வேலை பார்க்கும் நாட்டின் கடற்படை முந்தின நாள் சுட்டுக் கொன்ற மீனவனின் அப்பா, அந்தோணிப்பிச்சை.

"பேச்சுவார்த்தை எல்லாம் பேசுங்கய்யா. அந்த நாட்டு மந்திரி கையை மட்டும் குலுக்கிராதீங்க."

"மாட்டேன்" என்றார் தூதர்.

மத்தியானம் கேமராக்களுக்கு முன்னால் மந்திரி கையை நீட்டினார். நீட்டிய கையையெல்லாம் முப்பத்தோரு வருடமாகப் பற்றிப் பழகிய கை, இவரைக் கேட்காமலே போய் ஒட்டிக்கொண்டது. தன் கைமேலேயே தூதருக்கு ஆத்திரம் வந்தது. இறுக்கினார். மந்திரியும் இறுக்கினார். மோதிரம் சதையில் இறங்கியது. உள்ளே ஏதோ எலும்பு நொறுங்கியது, விடவில்லை. "இன்னும் ஒருதடவை, சார்" என்றார்கள் படமெடுப்பவர்கள். இருவருமே தொழிலில் ஊறியவர்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

மறுநாள் அதே எண்ணிலிருந்து போன். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் எடுத்தார்.

"பேப்பர் பார்த்தேன்யா" என்றார் அந்தோணிப்பிச்சை. "குலுக்கித்தான் ஆகணும்னு சொல்லியிருப்பாங்க. சிரிக்கவுமா சொன்னாங்க?"