சாவி கொடுக்கப் போன கணக்கு வாத்தியார்

முப்பத்துநாலு வருடம் கணக்கு நடத்திய வாத்தியார் நேற்றுதான் ஓய்வு பெற்றார். விட்டது தொல்லை என்ற நிம்மதியும், நானில்லாமல் என்ன கிழித்துவிடுவார்கள் என்ற ஆதங்கமும் மனசில் சரிபாதியாக இருந்தன. ஞாபகமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட பீரோ சாவியைக் கொடுக்கக் காலையில் பள்ளிக்குப் போனார்.

"என்ன சார், கிளாஸைப் பாதியில விட்டுட்டு இங்க நிக்கறீங்க?" என்றார் தலைமையாசிரியை.

"நேத்து நீங்கதானே மேடம் என்னை வழியனுப்புனீங்க!"

"விளையாடாதீங்க சார். பசங்க கத்தப் போறாங்க, போங்க."

ஏழாம் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கரும்பலகை முன்னால் அவரே நின்றுகொண்டிருந்தார். வாத்தியார் ஜன்னலோரம் ஒதுங்கி நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

அவர் வருடாவருடம் சொல்லி, இதுவரை ஒரு பிள்ளையும் சிரிக்காத முக்கோண ஜோக்கை உள்ளே இருந்தவர் சொன்னார்.

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.