வால் முளைத்த பிறகு

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் சுவரில் ஒரு பல்லி குடியிருந்தது. போன மாதம் கதவிடுக்கில் சிக்கி அதன் வால் அறுந்துபோனது. "முடிந்துபோன விஷயம்தான், ஆனாலும் அதன் பாதிப்பு இன்னும் இருக்கிறது என்றால் 'ஹேவ்' போட வேண்டும்" என்று மாஸ்டர் ஒருநாள் சொல்ல, பல்லி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஓயாமல் ஒரே பாடம்தான்: "ஐ ஹேவ் லாஸ்ட் மை டெயில்."

இப்போது புது வால் முளைத்துவிட்டது. பல்லிக்குத் தலை சுற்றியது. இனி ஹேவ் போடலாமா, கூடாதா?

கரும்பலகைக்குக் கீழே கிடந்த டஸ்டரிடம் போய்க் கேட்டது. "அண்ணே, நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

"இதுல என்ன குழப்பம்? வால் வந்துடுச்சு, பாதிப்பு போயிடுச்சு. நான் ஒரு தடவை துடைச்சா பலகையில ஏதாவது நிக்குதா? அந்த ஹேவைத் தூக்கிக் கடாசு."

"கடாசிட்டேன் அண்ணே. ஐ லாஸ்ட்..."

காற்றில் கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. கண் மூடித் திறப்பதற்குள் பல்லி டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்த புது வால் வெடவெடவென்று நடுங்கியது.

டஸ்டர் நிமிர்ந்து அந்த வாலைப் பார்த்தது.

"சரி, இறங்கி வா" என்றது பிறகு. "ஹேவே இருக்கட்டும்."